கரகரப்பும் ரீங்காரமும்

கொல்கத்தாவில் குளிர்காலம் என்பது பள்ளி ஆண்டுவிழாக்களின் காலம். லேக் மார்க்கெட் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, விழா மேடையில் மின்கிதார் வாசிப்பதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தாள். விழாவுக்குப் பத்து நாள்களே இருந்தன. அவளுடைய கிதார் புதியது அன்று. லால்பஜாரை ஒட்டிய ரவீந்திர சரணியில் வரிசையாக அமைந்த இசைக்கருவிக் கடைகளுள் ஒன்றில், மழைக்காலத்தில் வாங்கிய பழைய கருவி. நான்கு மாதங்கள் நன்றாக ஒலித்த அது, டிசம்பர் தொடக்கத்தில் பழுதுபட்டது. தடித்த தந்தியை முதல் நான்கைந்து மெட்டுகளில் அழுத்தி மீட்டும்போதெல்லாம், சுரத்தோடு சேர்ந்து ‘கர்ர்’ என்றோர் ஓசை எழுந்தது. பாடல் தொடங்கும்போது சேர்த்த சுருதி, பாடல் முடிவதற்குள் விலகியது.

பழுதுபார்க்கும் கடை ஒன்றில் கருவியைக் காட்டினர். மெட்டுகள் அனைத்தையும் பிடுங்கிப் புதிதாகப் பதிக்க வேண்டும் என்றும், இரண்டு வாரங்கள் ஆகும் என்றும் அங்கே கூறினர். கேட்ட தொகை கருவியின் விலையில் பாதிக்கு மேல் இருந்தது. “இந்த ஆண்டு மேடை வேண்டாம், அம்மா, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்” என்றார் தந்தை. மகள் மறுமொழி கூறாமல் கிதாரை உறையில் இட்டு மூடினாள்.

கும்பகோணத்திலிருந்து வந்து தங்கியிருந்த பாட்டி இளமையில் வீணை பயின்றவர். மின்கிதாரைத் தொட்டறியாதவர். எனினும் அவர் இரண்டு கேள்விகள் கேட்டார்.

“மெட்டைப் பிடுங்குவது கடைசி வைத்தியம். எந்த இடத்தில் கரகரக்கிறது? என்றைக்குத் தொடங்கியது? முதலில் இதைச் சொல், கண்ணம்மா.”

தந்திக்கருவி எதுவாயினும் அதன் நோயை ஆராயத் தொடங்க வேண்டிய இடம் இதுவே.

தந்தி எங்கே உரசுகிறது?

கிதாரின் உறுப்புகளுக்கு வீணைக்குரிய தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் பொருந்தும். விரலால் அழுத்தும் பகுதியில் குறுக்கே பதிக்கப்பட்ட உலோகத் துண்டுகள் மெட்டுகள். உடற்பகுதியில் தந்திகளைத் தாங்குவது குதிரை. தந்தியை முறுக்கவும் தளர்த்தவும் பயன்படுவது பிரடை. நீண்ட கைப்பிடிப் பகுதியைக் கழுத்து என்பர். கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் படிந்து செல்லும் பள்ளங்களை உடைய சிறு பட்டைக்கு நட் என்று பெயர்.

மீட்டப்பட்ட தந்தி நட்டுக்கும் குதிரைக்கும் இடையில் அகன்று அசைகிறது. ஒரு மெட்டில் விரலை அழுத்தினால், அந்த மெட்டுக்கும் குதிரைக்கும் இடைப்பட்ட நீளம் மட்டுமே அசையும். அசையும் தந்தி, வழியில் உள்ள வேறொரு மெட்டின் தலையைத் தட்டுமாயின் கரகரப்பு பிறக்கும். தட்டும் ஒவ்வொரு முறையும் தந்தியின் ஆற்றலில் ஒரு பகுதி வீணாவதால் ஓசை விரைவில் மடிந்துவிடும். தடித்த தந்தி மெல்லிய தந்தியைவிட அகலமாக அசைவதால், முதலில் முறையிடுவது பெரும்பாலும் அதுவே.

கரகரக்கும் இடம் நோயின் இடத்தைக் காட்டும். விரல் வைக்காமல் மீட்டும்போது மட்டும் கரகரத்தால், நட்டில் உள்ள பள்ளம் தேய்ந்து ஆழமாகியிருக்கலாம். விரல் வைத்தவுடன் நட்டுக்கு வேலை இல்லாமற் போவதால் அந்த ஓசையும் மறைந்துவிடும். முதல் ஐந்தாறு மெட்டுகளில் கரகரத்தால் ஐயம் கழுத்தின் வளைவின்மேல் விழும். குதிரைக்கு அருகிலுள்ள உயர்ந்த மெட்டுகளில் கரகரத்தால் குதிரையின் உயரம் போதவில்லை எனலாம். ஒரே ஒரு மெட்டில் மட்டும் கரகரத்து, முன்னும் பின்னும் தெளிவாக ஒலித்தால், அதற்கு அடுத்த மெட்டு மேலெழும்பி நிற்கிறது, அல்லது அழுத்தும் மெட்டு தேய்ந்திருக்கிறது. அரத்தையோ சுத்தியலையோ தேட வேண்டிய நிலை இந்தக் கடைசி வகையில் மட்டுமே உண்டு. அதுவும் கைதேர்ந்தவரின் வேலை. மெட்டிலிருந்து அராவியெடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க இயலாது.

மாணவி ஒரு தாளில் ஆறு தந்திகளுக்கு ஆறு கோடுகள் வரைந்து, ஒவ்வொரு மெட்டிலும் மீட்டிப் பார்த்து, கரகரக்கும் இடங்களில் புள்ளி வைத்தாள். புள்ளிகள் எல்லாம் முதல் ஐந்து மெட்டுகளுக்குள் நெருங்கி நின்றன. மெட்டுகள் அனைத்தும் கெட்டிருந்தால் புள்ளிகள் கழுத்து முழுவதும் பரவியிருக்க வேண்டும் அல்லவா?

பாட்டியின் இரண்டாம் கேள்விக்கு விடை சற்றுத் தாமதமாக வந்தது. விரல் நுனி வலித்ததால், டிசம்பர் முதல் வாரத்தில் பழைய தந்திகளை நீக்கி, அவளுடைய மாமா மெல்லிய தந்திகளைப் பூட்டித் தந்திருந்தார். அதுவரை இருந்தவை ‘பத்து’ எனப்படும் வகை, புதியவை ‘ஒன்பது’. அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்தால், மிக மெல்லிய தந்தியின் தடிமன் எத்தனை பங்கு என்பதைக் குறிக்கும் எண்கள் இவை. வேறுபாடு ஒரே ஒரு பங்குதான். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கழுத்துக்குத் தெரியும்.

கழுத்தின் வளைவு

மின்கிதாரில் ‘பத்து’ வகைத் தந்திகள் ஆறும் சுருதியில் நிற்கும்போது கழுத்தை இழுக்கும் விசை, ஏறத்தாழ 46 கிலோ எடைக்குச் சமம். ‘ஒன்பது’ வகையில் அது ஏறத்தாழ 38 கிலோவாகக் குறையும். வளர்ந்த பிள்ளை ஒருவரின் எடை இரவும் பகலும் அந்த மெல்லிய மரத்தில் தொங்குகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். இந்த இழுவிசை கழுத்தை முன்பக்கமாக வளைக்க முயலும். அதை எதிர்த்து நிற்பதற்காகக் கழுத்தின் உள்ளே ஓர் எஃகுக் கம்பி புதைக்கப்பட்டுள்ளது. டிரஸ் ராட் என்பது அதன் பெயர். தந்திகள் ஒருபுறம் இழுக்க, கம்பி மறுபுறம் இழுக்க, இரண்டும் சமன்படும் இடத்தில் கழுத்து நிற்கிறது.

கழுத்து அளவுகோலைப் போல முற்றிலும் நேராக இருத்தல் கூடாது. அசையும் தந்தி நடுவில் அகன்றும் முனைகளில் ஒடுங்கியும் இருப்பதால், அதற்கு இடம் விட்டுக் கழுத்தும் மிகச் சிறிதளவு குழிந்திருக்க வேண்டும். இதனைச் சோதிக்க எளிய வழி உண்டு. தடித்த தந்தியை முதல் மெட்டிலும் பதினேழாம் மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். அப்போது தந்தியே ஒரு நேர்கோட்டு அளவுகோலாகிவிடும். ஏழாம் எட்டாம் மெட்டுகளின் தலைக்கும் தந்திக்கும் இடையே கால் மில்லிமீட்டர் அளவு இடைவெளி தெரிய வேண்டும். ஒரு முகவரி அட்டை நுழையும் இடைவெளி என்று சொல்லலாம்.

மாணவி அழுத்திப் பார்த்தபோது இடைவெளியே இல்லை. தந்தி மெட்டின்மேல் படுத்துக் கிடந்தது. காரணம் விளங்கியது. தந்திகளின் இழுவிசை எட்டுக் கிலோ அளவு குறைந்தபின்னும், டிரஸ் ராட் பழைய வலிமையோடு பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. அதனால் கழுத்து நிமிர்ந்து, முதல் மெட்டுகள் தந்தியை நெருங்கிவிட்டன. மெட்டுகளில் குறை இல்லை. தந்தியிலும் குறை இல்லை. இரண்டுக்கும் இடையே இருந்த உடன்பாடு மட்டும் குலைந்திருந்தது.

டிரஸ் ராடைத் திருப்பும் திருகாணி கழுத்தின் ஒரு முனையில் இருக்கும். வலஞ்சுழியாகத் திருப்பினால் கம்பி இறுகிக் கழுத்து நிமிரும். இடஞ்சுழியாகத் திருப்பினால் தளர்ந்து குழியும். ஒருமுறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பலாகாது. திருப்பியபின் சுருதி சேர்த்து, மறுபடியும் அளந்து பார்க்க வேண்டும். மரம் தன் புதிய வடிவத்தில் நிலைபெற ஓர் இரவு ஆகலாம். திருகாணி கடினமாக எதிர்த்தால் வலிந்து திருப்பாமல் விட்டுவிடுதல் நலம். உள்ளே கம்பி முறிந்தால் கழுத்தே பயனற்றுப் போகும். பெரியவர் ஒருவரின் துணையின்றி மாணவர்கள் இதைச் செய்தல் வேண்டா.

கால் சுற்றுத் தளர்த்தி, இரவு முழுதும் விட்டு, மறுநாள் மாலை மீட்டியபோது புள்ளிகளில் பெரும்பாலானவை அழிந்தன.

நீரில் நின்ற மரம்

தந்தியை மாற்றாவிட்டாலும் கழுத்து மாறும். கொல்கத்தாவின் மழைக்காலத்தில் கதவுகள் நிலையில் இறுகிக்கொள்வதையும் குளிர்காலத்தில் தளர்வதையும் எல்லாரும் கண்டிருப்பர். மரம் ஈரத்தை உறிஞ்சினால் பருக்கும். ஈரம் வற்றினால் சுருங்கும். கிதாரும் கதவுக்கு உறவுதான். குளிர்காலத்தில் கழுத்தின் ஓரத்தைத் தடவினால் மெட்டுகளின் முனைகள் கையைக் கீறுவதுண்டு. மெட்டு வளர்ந்துவிடவில்லை, மரம் சுருங்கியிருக்கிறது. சமையலறைச் சுவரிலும், வெயில் விழும் சன்னலோரத்திலும், குளிரூட்டியின் எதிரிலும் கருவியைத் தொங்கவிடுவோர் ஆண்டுதோறும் பழுதுபார்ப்பவருக்குப் பணம் கொடுக்க வேண்டியிருக்கும்.

மரத்தின் குற்றம் இசையின் குற்றமாகும் என்பதைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே வகுத்து வைத்தனர். யாழ் நரம்பில் தோன்றும் குற்றங்களை நான்காகச் சிலப்பதிகாரம் கூறுகிறது: செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு. பண்ணோடு பொருந்தாத இன்பமற்ற ஓசை செம்பகை. அளவு கடந்து ஒலிப்பது ஆர்ப்பு. தன் ஓசை வெளிப்படாமல் மழுங்குவது கூடம். ஒன்றுபட்டு ஒலிக்காமல் சிதறுவது அதிர்வு. இக்குற்றங்கள் மரத்தின் குறையால் பிறப்பவை என்று உரையாசிரியர்கள் விளக்கினர். நீரிலே நின்ற மரம், இடி விழுந்த மரம், அழுகிய மரம் ஆகியவை யாழ் செய்ய ஆகா என்பது அவர்களின் முடிவு. மின்கிதார்க் கடைக்காரர் ஒருவர் இன்று தரும் பட்டியலோடு இதை ஒப்பிட்டால், இடி விழுந்த மரம் ஒன்றைத் தவிர வேறெதுவும் புதுமையாகத் தோன்றாது.

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் இசைப்போட்டி ஒன்று வருகிறது. காந்தருவதத்தையை யாழில் வெல்வோரே அவளை மணக்கலாம் என்பது நிபந்தனை. சீவகன் அவைக்கு வந்து, தன்னிடம் தரப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, குற்றம் கூறி விலக்குகிறான். ஒன்று நீரில் நின்று இளகிய மரத்தால் ஆனது. ஒன்று வாளால் வெட்டுண்ட மரத்தால் ஆனது. ஒன்று இடியுண்ட மரத்தால் ஆனது. நரம்பின் முறுக்கைப் பிரித்து, உள்ளே கலந்திருந்த மயிரையும் காட்டுகிறான். வாசிக்குமுன் கருவியை ஆராயும் இந்தப் பொறுமையால்தான் சீவகன் அரைப்போட்டியை வென்றான் எனத் தோன்றுகிறது. பாடலின் நயத்துக்காகப் போற்றப்படும் இப்பகுதி, கருவியைச் சோதிக்கும் முறைக்காகவும் படிக்கத்தக்கது.

சுருதி ஏன் விலகுகிறது?

கரகரப்பு நீங்கிய பின்னும் மாணவியின் கிதாரில் சுருதி நிற்கவில்லை. இங்கே மூன்று வேறு நோய்கள் ஒரே முகத்தோடு வரும்.

முதலாவது, புதிய தந்தியின் நெகிழ்ச்சி. புதிதாகப் பூட்டிய தந்தி, பிரடையில் சுற்றிய இடங்களில் இறுகி அமையும்வரை தளர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு தந்தியையும் விரலால் மெல்ல மேலே தூக்கி இழுத்து, மீண்டும் சுருதி சேர்த்து, சில முறை இவ்வாறு செய்தால் அது அடங்கிவிடும். பிரடையில் இரண்டு மூன்று சுற்றுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படிந்திருந்தால் போதும். பத்துச் சுற்றுச் சுற்றினால் உறுதி கூடும் என்று எண்ணுவது தவறு. அத்தனை சுற்றுகளும் தளரும்.

இரண்டாவது, நட்டின் பிடிப்பு. சுருதி சேர்க்கும்போது ‘டிங்’ என்று ஓசை கேட்டு, சுரம் திடீரெனத் தாவினால், தந்தி பள்ளத்தில் சிக்கிக்கொண்டு பிறகு வழுக்குகிறது என்பது பொருள். பென்சிலின் கரித்தூளைப் பள்ளத்தில் தடவினால் தந்தி தடையின்றி நகரும். மாணவியின் மூன்றாம் தந்திக்கு இந்த மருந்து ஒன்றே போதுமானதாயிற்று. சுருதியை எப்போதும் கீழிருந்து மேலாகச் சேர்க்க வேண்டும் என்பதும் இங்கே நினைவில் கொள்ளத்தக்கது. மேலே போய்விட்டால், வேண்டிய சுரத்துக்கும் கீழே இறக்கி, மறுபடி ஏற்றுதல் வேண்டும். இல்லையேல் பிரடையின் பற்களில் எஞ்சிய தளர்வு, வாசிக்கும்போது சுருதியைக் கீழே இழுக்கும். தம்புரா சேர்ப்போர் தாமாகவே கைக்கொள்ளும் முறை இது.

மூன்றாவது சற்று நுட்பமானது. விரல் வைக்காத நிலையில் சுருதி சரியாக இருக்கும்; மேலே செல்லச் செல்ல விலகும். பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நீளத்தைப் பாதியாக்குவது. ஆகவே அங்கே அழுத்தினால் அதிர்வெண் இரு மடங்காகி, மேல் தாயியின் அதே சுரம் பிறக்க வேண்டும். ஐந்தாம் தந்தியின் அதிர்வெண் 110 ஹெர்ட்ஸ் எனில், பன்னிரண்டாம் மெட்டில் 220 ஹெர்ட்ஸ். ஆனால் விரல் அழுத்தும்போது தந்தி கீழிறங்கிச் சற்று நீள்கிறது; இழுவிசை கூடுகிறது; சுரம் சிறிது உயர்ந்துவிடுகிறது. இதை ஈடுசெய்யக் குதிரையில் ஒவ்வொரு தந்திக்கும் முன்னும் பின்னும் நகரும் சிறு தாங்கி உண்டு. பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல் தொட்டு மீட்டினால் எழும் மணியோசையையும், அதே மெட்டில் அழுத்தி மீட்டினால் எழும் ஓசையையும் ஒப்பிட வேண்டும். அழுத்திய சுரம் உயர்ந்திருந்தால் தாங்கியைக் கழுத்திலிருந்து விலக்கி நீளத்தைக் கூட்ட வேண்டும்; தாழ்ந்திருந்தால் நெருக்க வேண்டும். கழுத்தின் வளைவும் குதிரையின் உயரமும் சரியானபின் செய்ய வேண்டிய கடைசி வேலை இது. முன்னதாகச் செய்தால் மறுபடியும் செய்ய நேரிடும்.

வீணையில் இந்தத் தாங்கி இல்லை. அங்கே மெட்டுகளே நகரும். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதிக்கப்பட்டவை. சுரத்தானம் பிசகினால் கைவினைஞர் மெழுகை இளக்கி, காதால் கேட்டு, மெட்டை உரிய இடத்துக்கு நகர்த்துவார். இதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். பாட்டி இதைச் சொன்னபோது மாணவிக்கு வியப்பாக இருந்தது. “அங்கே மெட்டு நகர்கிறது, இங்கே குதிரை நகர்கிறது” என்று அவள் தன் தாளில் குறித்துக்கொண்டாள்.

மின்கிதாருக்கே உரிய நோய் ஒன்றும் உண்டு. தந்தியின் அசைவை மின்னோட்டமாக மாற்றும் பிக்கப் என்னும் உறுப்பில் காந்தங்கள் உள்ளன. பிக்கப் தந்தியை மிக நெருங்கினால் காந்தம் எஃகுத் தந்தியைப் பிடித்து இழுக்கும். உயர்ந்த மெட்டுகளில் சுரம் நடுங்கும். சுருதி சேர்த்துச் சேர்த்துச் சலித்தவர்கள் பலர், பிக்கப்பின் திருகாணியைச் சிறிது இறக்கியவுடன் நோய் தீர்ந்ததைக் கண்டிருக்கின்றனர். தந்தியைத் தொடாதபோதும் ஒலிபெருக்கியில் கேட்கும் ‘ம்ம்ம்’ என்னும் முழக்கம் இவற்றிலிருந்து முற்றிலும் வேறானது. 50 ஹெர்ட்ஸ் அளவில் ஓடும் வீட்டு மின்சாரத்தின் குரல் அது. பழைய வீடுகளில் நிலத்தொடர்பு இல்லாத மின்செருகியில் ஒலிபெருக்கியை இணைத்தல் ஆபத்து. தந்தியைத் தொட்டால் மின்னதிர்ச்சி சிறிதளவு உணரப்பட்டாலும் உடனே நிறுத்தி, மின்பணியாளரை அழைத்தல் வேண்டும்.

பௌபஜாரில் ஒரு தமிழர்

கிதாரில் எந்த ஓசையை நீக்கப் பாடுபடுகிறோமோ, அதற்கு நெருங்கிய உறவான ஓசையை உண்டாக்கவே தம்புராவில் பாடுபடுகின்றனர். தம்புராவின் குதிரை தட்டையாகவும் சற்றே வளைந்தும் இருக்கும். தந்திக்கும் குதிரைக்கும் இடையே மெல்லிய பஞ்சு நூல் ஒன்றைச் செருகுவர். நூலை இம்மியளவு நகர்த்தும்போது ஓர் இடத்தில் ஓசை மலர்ந்து, தேனீக் கூட்டம்போல் ரீங்கரிக்கும். இந்த நூலுக்கு ஜீவா என்று பெயர். உயிர் என்பது பொருள். சித்தாரில் நூல் இல்லை. குதிரையின் மேற்பரப்பையே மிக நுட்பமாக அராவி இந்த ரீங்காரத்தை வரவழைப்பர். வங்காளத்தில் அதனை ஜோவாரி என்பர். கொல்கத்தாவின் சித்தார், சரோது கைவினைஞர்கள் உலகெங்கும் பெயர்பெற்றவர்கள். லேக் மார்க்கெட்டிலிருந்து ராஷ்பிகாரி அவென்யூ வழியே நடந்தால் அத்தகைய பட்டறைகளைக் காணலாம்.

தந்தி தொடுவது இரண்டிலும் உண்டு. ஒன்று ஏன் பழுது, மற்றொன்று ஏன் அழகு? இந்த வினாவை அறிவியல் முறையில் ஆராய்ந்தவர் கொல்கத்தாவில் வாழ்ந்த ஒரு தமிழர்.

திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த ச. வெ. இராமன், 1907இல் இந்திய நிதித்துறை அதிகாரியாகக் கொல்கத்தா வந்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. பௌபஜார் தெருவில் 210ஆம் எண் கட்டடத்தில், மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் இராமன் அங்கே சென்று ஆய்வு செய்தார். வேலை கணக்கில், மனம் ஒலியில். தந்தையார் வயலின் வாசிப்பவர். மனைவி உலோகசுந்தரி வீணை பயின்றவர். ஆகவே ஆய்வுப்பொருள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. 1917இல் அரசுப் பணியை விட்டு, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கிருந்த காலத்திலேயே தம்புராவையும் வீணையையும் பற்றிய அவருடைய கட்டுரை 1921இல் வெளிவந்தது. மிருதங்கம், தபலா ஆகிய தோற்கருவிகளையும் அவர் ஆராய்ந்தார்.

தந்தி அசையும்போது முழு நீளமாக மட்டும் அசைவதில்லை. இரண்டாகவும் மூன்றாகவும் நான்காகவும் பகுதி பிரிந்தும் அசைகிறது. பகுதிகள் பிரியும் அசையாப் புள்ளிகளுக்குக் கணு என்று பெயர். இந்தப் பகுதி அசைவுகளிலிருந்து மேற்சுரங்கள் பிறக்கின்றன. ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியைக் கணுவாகக் கொண்ட மேற்சுரங்கள் எழா என்பது ஐரோப்பிய அறிஞர்கள் கண்ட விதி. அசையக் கூடாத புள்ளியை அசைத்தால் அந்த அசைவு எப்படிப் பிறக்கும்? ஆனால் தம்புராவை அவ்வாறு மீட்டியபோதும், எழக் கூடாத மேற்சுரங்கள் தெளிவாக எழுவதை இராமன் கண்டார். வீணையிலும் அவ்வாறே. விதி பொய்க்கவில்லை, விதி கூரிய விளிம்புள்ள குதிரைக்கு உரியது. வளைந்த குதிரையில் தந்தி ஒவ்வோர் அசைவிலும் மேற்பரப்பை மெல்லத் தழுவி விலகுகிறது. அந்தத் தழுவல் மேற்சுரங்களுக்கு ஆற்றலை மாற்றித் தருகிறது.

கிதாரின் கரகரப்பில் தந்தி ஓர் உலோகத் தலையில், தற்செயலாய் அமைந்த இடத்தில் மோதுகிறது. ஓசை சிதறி மடிகிறது. தம்புராவில் கைவினைஞர் தேர்ந்தெடுத்த சரிவில் தந்தி தழுவுகிறது; ஓசை விரிந்து நீள்கிறது. அயலூரில் கணக்கு எழுத வந்த இளைஞர் ஒருவர் தம் வீட்டுக் கருவியை உற்றுக் கேட்டதால் விளைந்த அறிவு இது. அவருக்கு 1930இல் நோபல் பரிசு கிடைத்தது ஒளியைப் பற்றிய ஆய்வுக்காக. எனினும் ஒலியை ஆராய்ந்த ஆண்டுகளே அவருடைய காதையும் கையையும் பழக்கின.

கொல்கத்தாவுக்குக் கிதாரோடும் பழைய உறவு உண்டு. மடியில் கிடத்தி, உலோகத் துண்டால் தந்தியைத் தேய்த்து வாசிக்கும் ஹவாய்க் கிதார் வங்காள வீடுகளில் ஒரு காலத்தில் பெரிதும் விரும்பப்பட்டது. இரவீந்திரரின் பாடல்களை அதில் வாசிக்கக் கற்றோர் பலர். அதில் தந்திகள் மெட்டுகளைத் தொடாத உயரத்தில் இருப்பதால், மெட்டுக் கரகரப்பு என்னும் நோயே அதற்கு இல்லை. 1932 அளவில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் மின்கிதாரும் மடியில் வைத்து வாசிக்கும் இந்த வகையைச் சேர்ந்ததே.

விழாவுக்கு முந்தைய நாள் மாலை மாணவி தன் தாளை மீண்டும் எடுத்தாள். ஐந்தாம் தந்தியின் ஒரு மெட்டில் மட்டும் ஒரு புள்ளி எஞ்சியிருந்தது. ஒலிபெருக்கியில் இணைத்து மீட்டியபோது அந்தக் கரகரப்பு கேட்கவில்லை. காதைக் கருவியின்மேல் வைத்தால் மட்டுமே கேட்டது. “இதையும் சரிசெய்ய வேண்டுமா, பாட்டி?” என்றாள். பாட்டி கேட்டுப் பார்த்தார். “கூடத்தில் கடைசி வரிசையில் இருப்பவருக்குக் கேட்குமா?” என்றார். கேட்காது என்றாள் பேத்தி. “அப்படியானால் அது அங்கேயே இருக்கட்டும். நீ போய்த் தூங்கு.”

பயிற்சி

1. கரகரப்பு, ரீங்காரம், முழக்கம், மணியோசை – இச்சொற்களை வாக்கியத்தில் அமைத்து எழுதுக.

2. விரல் வைக்காமல் மீட்டும்போது மட்டும் ஒரு தந்தி கரகரக்கிறது. எந்த உறுப்பை ஆராய்வாய்? காரணம் கூறுக.

3. பழுதுபார்க்கும் கடையில் கூறிய முடிவு தவறு என்பதை மாணவி வரைந்த தாள் எவ்வாறு காட்டியது?

4. யாழ் நரம்பின் நான்கு குற்றங்களுள், தந்தி மெட்டில் மோதுவதால் எழும் ஓசைக்கு எது நெருக்கமானது என்று கருதுகிறாய்? உன் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.

5. வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள தந்திக்கருவி ஒன்றின் உறுப்புகளைப் பார்த்து, அவற்றின் பெயர்களைத் தமிழிலும் வங்காளத்திலும் கேட்டறிந்து எழுதுக. இரு மொழிகளிலும் ஒத்த சொற்கள் இருந்தால் அடிக்கோடிடுக.